பாஸ் அவுட் ஆனால் தப்பா?

திருவள்ளூர் பக்கம் டிகிரி முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இன்டர்வியூ போகிற பையன்கள் "ஐ பாஸ்டு அவுட் இன் 2023" என்பார்கள். "மயங்கி விழுந்தியாப்பா?" என்று யாராவது சிரித்துவிட்டால் போச்சு, அப்புறம் வாயே திறக்க மாட்டார்கள்.

இதில் இலக்கணப் பிழை எங்கே? பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் பயிற்சி முடிக்கும் விழாவுக்குப் பெயரே 'பாஸிங் அவுட் பரேடு'தான். பிரிட்டிஷ் ராணுவ வழக்கு. நம்மவர்கள் கல்லூரிக்கும் நீட்டிவிட்டார்கள், அவ்வளவுதான். 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது.

'டிஸ்கஸ் அபவுட்' வேறு கதை. டிஸ்கஸ் என்றாலே 'ஒன்றைப் பற்றிப் பேசு' என்றுதான் அர்த்தம். தமிழில் நினைத்துப் பேசும்போது இன்னொரு 'பற்றி' ஒட்டிக்கொள்கிறது. இதுதான் நிஜமான பிழை. மேனேஜர்களே தினமும் மீட்டிங்கில் சொல்கிறார்கள். அதற்கு மட்டும் யாரும் சிரிப்பதில்லை!