எண்ணெயில் ஓடும் கடிகாரம்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே, இராயபுரத்தைச் சார்ந்த பகுதி கல்மண்டபம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம் அதற்கு அண்மையில் உள்ளது. அங்கு வீசும் காற்றில் எந்நாளும் உப்பு கலந்திருக்கும். அவ்வுப்பு இரும்பைத் தின்னும். செம்பில் களிம்பு ஏற்றும். மூடியிருக்கும் கைக்கடிகாரத்தையும் விடாது.

அப்பகுதித் தெரு ஒன்றில் விசைப்படகுகளின் எந்திரங்களைப் பழுது பார்க்கும் இளைஞன் ஒருவன் வாழ்ந்து வந்தான். அவன் தந்தையும் அத்தொழிலே செய்தவர். அவர் மறைந்தபின், அவர் அணிந்திருந்த கடிகாரம் மகனுக்கு வந்தது. அது சாவி கொடுக்க வேண்டாதது. மின்கலத்தால் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம். ஒரு மழைக்காலத்தில் அதன் கண்ணாடியின் உட்புறத்தில் பனி படர்ந்தது. ஈரம் உள்ளே நுழைந்துவிட்டதை அவன் உணர்ந்தான். இப்படியே விட்டால் முட்கள் துருப்பிடிக்கும். தந்தையின் நினைவாக எஞ்சுவது ஓடாத வட்டத் தகடு ஒன்றே.

ஆழ்கடலில் மூழ்குவோர்க்கென, உள்ளே எண்ணெய் நிரப்பிய கடிகாரங்கள் ஜெர்மனியில் செய்யப்படுவதை அவன் படித்திருந்தான். எண்ணெய் நிறைந்த இடத்தில் ஈரத்திற்கு ஏது இடம்? அதனை வீட்டிலேயே செய்து பார்க்க விரும்பினான். தாய் தடுக்கவில்லை. "உன் நைனா கையில் இருபது வருடம் கிடந்தது, ராசா. பார்த்துச் செய்" என்று மட்டும் கூறினாள்.

அவன் கடிகாரத்தைத் தெருமுனையில் பழுது பார்க்கும் பெரியவரிடம் எடுத்துச் சென்றான். அவர் தம் கையிலிருந்த பழைய கடிகாரத்தைக் காட்டினார். "தம்பி, இது வில்லின் விசையால் ஓடுவது. இதன் சமநிலைச் சக்கரம் இப்புறமும் அப்புறமும் தடையின்றி ஆட வேண்டும். எண்ணெயில் அமிழ்த்தினால் அக்கணமே நின்றுவிடும். உன் கடிகாரத்தில் நேரத்தை அளப்பது சிறிய குவார்ட்ஸ் படிகம். அது தனிக் குப்பியில் மூடப்பட்டிருக்கிறது. ஒரு நொடியில் 32,768 முறை அதிர்கிறது. எண்ணெய் அதனைத் தீண்டாது. முள்ளைத் தள்ளும் சிறு மின்பொறி மட்டுமே எண்ணெயை எதிர்த்து உழைக்க வேண்டும். ஆனால் உன் தந்தையின் கடிகாரத்தில் தொடங்காதே. கெட்டாலும் மனம் நோகாத ஒன்றில் முதலில் பழகு" என்றார்.

இளைஞன் நடைபாதைக் கடையில் மலிவான கடிகாரம் ஒன்றை வாங்கினான். வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயையே அதில் நிரப்பினான். சில நாள் அது ஓடியது. மார்கழி மாதத்து விடியற்காலையில் பார்த்தபோது முகப்பு வெண்மையாக மங்கியிருந்தது, முட்கள் நின்றிருந்தன. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்திற்குக் கீழே உறையும் தன்மையது. தலைக்கு எண்ணெய் வைக்கும் எவரும் அறிந்த இச்செய்தியை அவன் ஆர்வத்தில் மறந்துவிட்டான்.

அடுத்து, எளிதில் உறையாததும் நீர்போல் இளகி ஓடுவதுமான சிலிக்கோன் எண்ணெயைத் தேடிப் பெற்றான். அது மின்சாரத்தைக் கடத்தாது; ஆகவே மின்கலத்திற்குத் தீங்கில்லை. மலிவான கடிகாரத்தைத் துடைத்து, பின்மூடியின்றிக் கிண்ணத்து எண்ணெயில் அமிழ்த்திச் சூடாக்கினான். சக்கரங்களின் இடையே ஒளிந்திருந்த காற்று குமிழ் குமிழாக வெளிவந்தது. சூடு ஆறுமுன்பே மூடிவிட்டான். எண்ணெய் குளிர்ந்து சுருங்கியபோது முகப்பில் பெரிய குமிழி ஒன்று தோன்றியது. முற்றும் குளிர்ந்தபின் மூடினால் என்ன ஆகும்? வெயிலில் எண்ணெய் விரிந்து மூடியையோ கண்ணாடியையோ தள்ளும். ஒவ்வொரு பாகை வெப்பத்திற்கும் அவ்வெண்ணெய் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும்.

இவ்வளவும் கற்றபின்னரே அவன் தந்தையின் கடிகாரத்தைத் தொட்டான். பெரியவர் அதனை விளக்கின் வெப்பத்தில் உலர்த்தி, மின்கலத்தையும் ரப்பர் வளையத்தையும் புதிதாக மாற்றித் தந்தார். அவன் அதனை எண்ணெயில் அமிழ்த்தி, கடைசிக் குமிழி வெளிவரும் வரை ஓர் இரவு முழுவதும் காத்திருந்தான். பின்னர்க் கோடை நண்பகலை ஒத்த இளஞ்சூட்டில், எண்ணெய்க்குள் வைத்தபடியே மூடியைத் திருகினான். நொடி முள் ஒரு கணம் தயங்கிப் பின் நகர்ந்தது. வாளி நீரில் இட்டுப் பார்த்தபோது மற்றொரு வியப்பும் காத்திருந்தது. காற்றுள்ள கடிகாரத்தை நீருக்குள் சாய்வாகப் பார்த்தால் அதன் கண்ணாடி வெள்ளித் தகடு போல் ஒளிர்ந்து முகப்பை மறைக்கும். எண்ணெய் நிறைந்ததோ எப்புறம் சாய்த்தாலும் தெளிவாகத் தெரிந்தது. நீரிலிருந்து வரும் ஒளி காற்றின் எல்லையில் திரும்புவது போல் எண்ணெயின் எல்லையில் திரும்புவதில்லை.

கிண்ணத்தில் நிகழ்ந்த இச்செயலின் நெறி ஆழ்கடலுக்கும் உரியது. கடலில் 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு காற்றுமண்டல அழுத்தம் கூடும். 6,000 மீட்டரில் அது ஏறத்தாழ 600 மடங்காகும். உள்ளே வெற்றிடமோ காற்றோ இருப்பின் கடல் அதனை நசுக்கும். எண்ணெய் எளிதில் அமுங்காது. ஆகவே அதன் உறை கனமாக இருக்க வேண்டியதில்லை. 1960 ஜனவரி 23 அன்று ஜாக்கு பிக்கார்டும் டான் வால்சும் திரியெஸ்தே என்னும் கலத்தில் பசிபிக் பெருங்கடலின் மிகு ஆழத்தை அடைந்தனர். அவர்களைத் தாங்கிய பெருந்தொட்டியில் பெட்ரோல் நிறைந்திருந்ததால் அதன் சுவர் மெல்லியதாயினும் நசுங்கவில்லை. ஆனால் மனிதர் இருக்கும் அறையில் எண்ணெயை நிரப்ப இயலுமோ? அங்குக் காற்று வேண்டும். ஆதலால் கனத்த சுவரும் வேண்டும். சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூவரை 6,000 மீட்டர் ஆழத்திற்கு அனுப்ப வகுத்த மத்ஸ்யா 6000 கலத்திற்கு, 80 மில்லிமீட்டர் தடித்த டைட்டானியக் கோளம் திட்டமிடப்பட்டது. அக்கலம் 2025 தொடக்கத்தில், எண்ணூருக்கு வடக்கேயுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டது. அங்கும் முதற்சோதனை ஆழ்கடலில் நிகழவில்லை. கரையோர நீரிலேயே நிகழ்ந்தது.

இளைஞனின் கடிகாரம் ஆழத்திற்குச் செல்வதன்று. வீட்டில் செய்ததை நம்பி மூழ்குதல் தகாது என்பதை அவன் அறிவான். மின்கலம் தீரும்போதெல்லாம் எண்ணெயை வடித்து மீண்டும் நிரப்பும் உழைப்பும் உண்டு. ஆயினும் உப்புக்காற்று அதனை இப்பொழுது எளிதில் தீண்டுவதில்லை.

குளிர்ந்த காலைகளில் முகப்பின் ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று தோன்றும். வெயில் ஏற ஏற அது மறைந்துவிடும். ஒருநாள் தாய் அதனைக் கண்டு, "இது குறையா, ராசா?" என்று வினவினாள்.

"இல்லை, அம்மா. வெயில் நாளில் எண்ணெய் விரிய விட்ட இடம்" என்றான் அவன்.

தாய் கடிகாரத்தைத் தன் காதருகே வைத்துக் கேட்டாள். பின்னர் ஒன்றும் கூறாமல் அதனை மகன் கையில் தானே கட்டிவிட்டாள்.