சிறுபோகமும் காலபோகமும்

கிரிக்கெட்டைப் பற்றி இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். மக்கள் தம் ஓய்வு நேரத்தை எதிலே செலவிடுகின்றனர், அந்த ஓய்வு நேரத்தை விலைக்கு வாங்குவோர் யாவர் என்பவற்றை ஆராய்வது சமுதாய நோக்குடைய எழுத்தின் கடமை என்பது எமது கருத்து. இன்று அவ்விளையாட்டைச் சூழ்ந்து உலகெங்கும் ஒரு வழக்கு நடைபெறுகின்றது. ஐந்து நாள் நீளும் டெஸ்ட் ஆட்டம் வாழ வேண்டுமா? மூன்று மணி நேரத்தில் முடியும் இருபது ஓவர் ஆட்டம் அதனை விழுங்கிவிட விடுவதா? இரண்டுக்கும் இடையே சமநிலை காண்பது எங்ஙனம்? வழக்காடுவோரிற் பெரும்பாலோர் இதனை இரசனைப் பிரச்சினையாகவே கொள்கின்றனர். ஒரு சாரார் பழமையின் அழகைப் பேசுகின்றனர். மறு சாரார் காலத்தின் வேகத்தைப் பேசுகின்றனர். வன்னிப் பாடசாலையொன்றில் காலையிலே தமிழ் கற்பித்து, மாலையிலே மாணவரின் விளையாட்டையும் மேற்பார்வை செய்யும் எமக்கோ இது வேறு விதமாகத் தோன்றுகின்றது. இது இரசனைப் பிரச்சினையன்று. நேரம் யாருடைய உடைமை என்ற பிரச்சினை.

ஆட்டத்தின் நீளம் என்றுமே ஓரளவாய் இருந்ததில்லை. 1939ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில் இங்கிலாந்து அணி ஆடிய டெஸ்டுக்குக் கால எல்லையே விதிக்கப்படவில்லை. பத்து நாட்கள் சென்றும் முடிவு வரவில்லை. தாயகம் திரும்பும் கப்பல் தவறிவிடும் என்பதால் ஆட்டம் கைவிடப்பட்டது. 1963இல் இங்கிலாந்து மாவட்ட அணிகளிடையே ஒருநாட் போட்டி தொடங்கிற்று. 1971 ஜனவரியில் மெல்பேண் டெஸ்ட் மழையால் அழிந்துபோக, ஈடுசெய்வதற்காக ஆடப்பட்ட ஆட்டமே முதலாவது சர்வதேச ஒருநாட் போட்டியாயிற்று. 2003இல், வெறிச்சோடிய மைதானங்களுக்கு மக்களை வரவழைக்க இங்கிலாந்திலே இருபது ஓவர் ஆட்டம் வகுக்கப்பட்டது. 2008இல் இந்தியன் பிரீமியர் லீக் தோன்றி, வீரர்களை ஏலத்தில் விற்கும் வழக்கத்தையும் கூடவே கொணர்ந்தது. 2022இல் அந்த லீக்கின் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி இந்திய ரூபாய்க்கு விலைபோயிற்று. கப்பலின் புறப்பாடும், மழையும், வாயிற்காசும், ஒளிபரப்பு உரிமையுமே ஆட்டத்தின் நீளத்தை நிர்ணயித்து வந்துள்ளன. அழகியல் எப்போதும் பின்னாலேதான் வந்தது.

அங்ஙனமாயின் நீண்ட ஆட்டத்தை ஆடுவதற்கு நேரம் படைத்திருந்தவர் யாவர்? இங்கிலாந்திலே 1962 வரையில் கிரிக்கெட் வீரர் இரு சாதியாய்ப் பிரிந்திருந்தனர். ஊதியம் பெறாது ஆடியோர் கனவான்கள். ஊதியம் பெற்றோர் வெறும் ஆட்டக்காரர். இரு சாதியினருக்கும் தனித்தனி உடைமாற்றும் அறைகளும் வாயில்களும் இருந்தன. கனவானுக்கு ஐந்து நாளென்ன, ஐந்து மாதமும் ஓய்வு. அவனுடைய ஓய்வுக்கு வேறு யாரோ உழைத்துக்கொண்டிருந்தனர். மேற்கிந்தியத் தீவுகளின் மார்க்சிய அறிஞர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட தமது கிரிக்கெட் நூலிலே, வர்க்கமும் நிறமும் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்றுவிடுவதில்லை என்பதை விளக்கினார். மேற்கிந்திய அணிக்கு ஒரு முழுத் தொடரிலும் தலைமை தாங்கும் உரிமை கறுப்பினத்தவரான பிராங்க் வொறெல் அவர்களுக்கு 1960இல்தான் கிட்டியது. அதற்காகப் பேனா பிடித்துப் போராடியவருள் ஜேம்ஸ் முதன்மையானவர். ஆகவே, நீண்ட ஆட்டத்தின் பொற்காலம் என்று கண்ணீர் வடிப்போர் அப்பொன் யாருடைய பெட்டியில் இருந்தது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இனி எமது வன்னிக்கு வருவோம்.

1996 மார்ச்சில் லாகூரில் இலங்கை அணி உலகக் கிண்ணத்தை வென்றபோது நாம் சிறுவர். யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் வன்னி மரநிழல்களிலே குடிசை அமைத்துக்கொண்டிருந்த காலம் அது. மின்சாரமில்லை, மின்கலங்களுக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் வலுவில் வானொலி கேட்டனர். கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும். செய்தியறிக்கைக்கே கை போதாத அந்நாளில் கிரிக்கெட் வருணனைக்கு ஒரு பகல் முழுதும் யார் சுற்றுவது? ஓய்வு என்பது எவ்வளவு உழைப்பினால் ஆன பண்டம் என்பதை நாம் முதன்முதலில் அங்கேதான் கற்றோம்.

இன்று வன்னியின் கிராமந்தோறும் மென்பந்துச் சுற்றுப்போட்டிகள் நடைபெறுகின்றன. மறைந்தவர் ஒருவரின் ஞாபகார்த்தக் கிண்ணம், புலம்பெயர்ந்த உறவினர் அனுப்பிய பணப்பரிசு, ஒலிபெருக்கி, சனி ஞாயிறு இரு நாட்களில் இருபது முப்பது அணிகள். அணிக்கு எட்டு ஓவரோ பத்து ஓவரோதான். கவசங்கள் வேண்டியதில்லை, ஒரு மட்டையை ஊரே பகிர்ந்து ஆடலாம். கடினப்பந்தோ அப்படியன்று. காற்கவசம், கையுறை, தலைக்கவசம், நல்ல மட்டை என்று ஒரு சிறுவனுக்கு வேண்டிய பொருள்களின் விலை, கூலிக்குப் போகும் தகப்பனுடைய பல வார வருமானத்தை விழுங்கிவிடும். சீமெந்துத் தளத்தில் பாய் விரித்து ஆடும் பிள்ளைக்குப் புற்றரை ஆடுகளத்தில் பந்து எங்ஙனம் திரும்பும் என்பது கேள்விச் செய்தியே.

எமது மாணவருள் ஒருவன், கடலுக்குப் போகும் தகப்பனின் மகன், மணிக்கட்டாற் பந்தைச் சுழற்றும் அரிய வித்தை கைவரப் பெற்றவன். பத்தொன்பது வயதுக்குட்பட்டோரின் இரண்டு நாள் போட்டிக்கு அவனை ஆயத்தப்படுத்த விரும்பினோம். சனிக்கிழமைப் பயிற்சிக்கு அவன் வரவில்லை. அயற்கிராமத்து மென்பந்துப் போட்டிக்குப் போயிருந்தான். வெற்றிப் பணத்தில் அவனுக்கும் பங்குண்டு. திங்களன்று நீண்ட ஆட்டத்தின் மேன்மையை அவனுக்கு எடுத்துரைத்தோம். பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தவன் இறுதியில் ஒன்று கேட்டான்: “சேர், ஐஞ்சு நாள் விளையாடினால் அந்த ஐஞ்சு நாளும் ஆர் சோறு போடுவினம்?”

உலகக் கிரிக்கெட்டின் ஆட்சியாளர் மாநாடு கூட்டி விவாதிக்கும் பிரச்சினை முழுவதும் அக்கேள்விக்குள் அடங்கிவிட்டது. லசித் மாலிங்க 30 டெஸ்டுகளுடன் 2011இல் அவ்வாட்டத்திலிருந்து ஓய்வு பெற்றதும், வனிந்து ஹசரங்க நான்கே டெஸ்டுகள் ஆடியபின் 2023இல் விலகுவதாக அறிவித்ததும் இக்கேள்விக்கு அவரவர் கண்ட விடைகளே. அவர்களைத் துரோகிகள் என்று ஏசுவோரை நாம் அறிவோம். பந்துவீச்சாளன் தன் முதுகையும் முழங்காலையும் முதலாகக் கொண்டு பிழைக்கும் தொழிலாளி. அம்முதல் பத்தாண்டில் தேய்ந்துவிடும். நான்கு ஓவருக்குப் பெருங்கூலியும் நாற்பது ஓவருக்குச் சிறுகூலியும் கொடுக்கும் சந்தையை விட்டுவிட்டுத் தொழிலாளியை நிந்திப்பது நியாயமாகாது.

குறுகிய ஆட்டத்தை இழிவாகக் கருதும் மனப்பான்மையும் எமக்கு உடன்பாடன்று. ஏழு சீரில் அமைந்த குறளைக் காப்பியத்தின் துண்டு என்று யார் சொல்வார்? குறுமைக்குத் தனி இலக்கணமும் தனி ஆற்றலும் உண்டு. மேலும், அது திறந்துவிட்ட கதவுகளை மறத்தலாகாது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலே பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காக ஆடி, தம் முதல் விக்கெட்டாக அஞ்செலோ மத்தியூசை வீழ்த்தினார். 2023 ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்காக ஆடினார். 2024இல் காயமுற்ற ஹசரங்கவுக்குப் பதிலாக இந்தியன் பிரீமியர் லீக்கின் ஐதராபாத் அணியிற் சேர்ந்தார். இருபது ஓவர் ஆட்டம் இல்லாதிருந்தால் வடக்கின் ஓர் இளைஞன் இத்துணை விரைவில் அவ்வரங்கை எட்டியிருப்பானா என்பது ஐயமே.

ஆயினும் கதவு திறப்பது வேறு. வீடு கட்டுவது வேறு. 1998 ஆகஸ்டில் இலண்டன் ஓவல் மைதானத்தில் முத்தையா முரளிதரன் ஒரே டெஸ்டில் 16 விக்கெட்டுகளை வீழ்த்தி இலங்கைக்கு வெற்றி தேடித்தந்தார். அதற்கு அவர் வீசிய பந்துகள் 683. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு பந்துவீச்சாளனுக்குக் கிடைப்பவை 24 பந்துகளே. அந்த ஓர் ஆட்டத்தின் உழைப்பை நிறைவேற்ற அவனுக்கு இருபத்தெட்டு ஆட்டங்களுக்கு மேல் வேண்டும். 24 பந்துகளில் எதிரியை அடக்கலாம். எதிரியைப் படிக்கவும், தோற்கவும், இரவு சிந்தித்து மறுநாட் காலை வேறொரு வழியில் வரவும் முடியாது. 2010இல் 800 விக்கெட்டுகளோடு ஓய்வு பெற்ற அவரது பெயராலே 2012இல் கிளிநொச்சி, மாங்குளம், ஒட்டுசுட்டான் முதலிய ஊர்களில் தொடங்கிய நல்லிணக்கக் கிண்ணப் போட்டியும் இருபது ஓவர் ஆட்டமாகவே அமைந்தது. வசதியற்ற ஊருக்குக் குறுகியதே வாய்க்கும் என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. யாழ்ப்பாணத்தின் மத்திய கல்லூரியும் பரி. யோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடிவரும் வடக்கின் பெருஞ்சமர் இன்றும் மூன்று நாட் போட்டி. வன்னியின் பாடசாலைகளுக்கு அத்தகைய மரபுமில்லை, மைதானமுமில்லை.

இதனை ஒத்த நிகழ்ச்சியைத் தமிழ்க் கலைத்துறையிலும் காணலாம். முல்லைத்தீவு மண்ணில் கோவலன் கூத்து விடிய விடிய ஆடப்பட்டது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் இரவிரவாய் நீண்ட கூத்துகளை ஓரிரு மணி நேர மேடைக்கு ஏற்பச் சுருக்கி அமைத்தார். படித்தவர் ஒதுக்கிவைத்த கலைக்கு அது புதுவாழ்வு தந்தது. ஆனால் அக்குறுகிய வடிவத்துக்கு ஆட்டமும் தாளமும் வழங்கியவர் நீண்ட இரவுகளிலே பயின்ற அண்ணாவிமார். அவர்கள் போனபின், சுருக்கத்தைப் பார்த்தே சுருக்கத்தைப் பழகும் தலைமுறை எதிலிருந்து சுருக்கும்?

சந்தை இதற்கு விடை தராது. அதன் கணக்கு வேறு. சர்வதேச கிரிக்கெட் சபையின் 2024 முதல் 2027 வரையான வருமானப் பங்கீட்டில் இந்தியாவுக்கு மட்டும் நூற்றுக்கு 38 வீதத்துக்கு மேல் செல்கின்றது. வசதி படைத்த மூன்று நாடுகள் தம்முள்ளே ஐந்து டெஸ்ட் தொடர்களை ஆடிக்கொள்கின்றன. இலங்கைக்கு 2025ஆம் ஆண்டு முழுவதிலும் கிடைத்தவை நான்கே டெஸ்டுகள். நீண்ட ஆட்டம் மீண்டும் செல்வரின் உடைமையாகின்றது. 2024 பெப்ரவரியில், தன் நாட்டு லீக் போட்டியைக் கைவிட முடியாத தென்னாபிரிக்கா, முன்னணி வீரர்களை அதற்கு விட்டுவிட்டு அனுபவமற்ற அணியை நியூசிலாந்துக்கு அனுப்பித் தோற்றது. அதே நாடு 2025 ஜூனில் ரெம்பா பவுமாவின் தலைமையில் உலக டெஸ்ட் பட்டத்தை வென்றது. ஆற்றல் அற்றுப் போகவில்லை. அதற்கு நேரம் ஒதுக்கப்படவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? பெண்களின் நிலை இன்னும் கொடிது. 2024இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கைப் பெண்கள் அணி தன் வரலாற்றில் ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று, அதுவும் 1998இல்.

சமநிலைக்கு வழி என்ன? இரணைமடுவைச் சுற்றி வாழும் கமக்காரருக்கு அது தெரியும். மாரி மழையிலே விளைவது காலபோகம்; அந்த மழையைக் குளத்திலே தேக்கி வைத்தால்தான் வெயிற்காலத்தில் சிறுபோகம். சிறுபோகம் பழிக்கத்தக்கதன்று, எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிகின்றது. ஆயினும் ஆண்டுதோறும் கமக்காரர் அமைப்புகளும் நீர்ப்பாசன அதிகாரிகளும் கூடியிருந்து, குளத்து நீரை அளந்து, இத்தனை ஏக்கரே விதைக்கலாம் என்று பங்கிடுகின்றனர். பணமுள்ளவன் தன் வயலுக்கு மட்டும் மதகைத் திறந்துகொள்ள ஊர் விடுவதில்லை.

கிரிக்கெட்டுக்கும் அத்தகைய கூட்டம் ஒன்று வேண்டும். அதிலே லீக் முதலாளிகளோடு வீரர்களும், சிறிய நாடுகளும், பெண்களும் சமமாக அமர வேண்டும். இருபது ஓவர் ஆட்டம் ஈட்டும் பணத்தில் ஒரு பங்கு, நீண்ட ஆட்டம் ஆடுவோனின் நாட்கூலியாகத் திரும்ப வேண்டும். லீக்குகளுக்கென மாதங்களை வரையறுத்து, எஞ்சிய மாதங்களில் டெஸ்டுக்கு மதகு திறக்க வேண்டும். 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது, மகிழ்ச்சி. அத்தோடு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு புற்றரை ஆடுகளமும், இரண்டு நாள் போட்டியில் இரண்டு நாட்களுக்கும் மதிய உணவும் கிடைக்குமாயின், நீண்ட ஆட்டத்தைப் பற்றி அவர்களுக்குப் பிரசங்கம் செய்ய வேண்டிய தேவை எமக்கிராது.

ஐந்து நாளும் சோறு போடுவது யார் என்று கேட்ட மாணவனை நாம் கடிந்துகொள்ளவில்லை. அக்கேள்வியை அவனோடு சேர்ந்து, கேட்க வேண்டியவர்களிடம், உரத்த குரலிலே கேட்பதே ஆசிரியர் கடன்.