தம்பியின் பெரிய வண்டியில் உத்திரமேரூர் வரை

"அக்கா, ஞாயித்துக்கிழமை உன்னை உத்திரமேரூர் கூட்டிக்கிட்டுப் போறேன். பஸ்ஸுல இல்ல, வண்டியில!" என்றான் தம்பி.

நான் பதிலே சொல்லவில்லை. பதினாறு வருஷமாக நான் மோட்டார் சைக்கிளில் ஏறியதில்லை. அது அவனுக்கும் தெரியும்.

எங்கள் ஊர் ஏனாத்தூர். காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்த ஊர்தான். விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் ஒரகடம் பக்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடும். அந்த ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும்தான் ராயல் என்ஃபீல்டு வண்டிகள் தயாராகின்றன. 1955-ல் சென்னை கம்பெனியாகத் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் செய்தவர்கள், 2013-ல் ஒரகடத்துக்கு வந்தார்கள். புல்லட்டைப் பெற்ற இங்கிலாந்து கம்பெனி எப்போதோ மூடிப்போயிற்று. பிள்ளை மட்டும் நம்ம ஊரில் வளர்ந்து ஆளாகிவிட்டது!

தம்பி வாங்கியது புல்லட் இல்லை. சூப்பர் மீட்டியார் 650. வந்த அன்று எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, தெருவே கூடி நின்று பார்த்தது. "என்னடா இது, எருமைமாடு மாதிரி படுத்துக் கிடக்கு?" என்றார் என் மாமியார். அவர் சொன்னது சரிதான். இந்த ரக வண்டிக்கு 'க்ரூஸர்' என்று பெயர். அமெரிக்காவின் நீண்ட நேர்சாலைகளில் பிறந்த அமைப்பு. ஆசனம் தாழ்வு, ஹேண்டில் அகலமாகக் கையைத் தேடி வரும், கால்கள் முன்னால் நீட்டிக்கொள்ளும். சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி ஊர் போவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். நீர்த்துளி மாதிரி டேங்க், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைலன்ஸர். பளபளப்பில் நம் முகம் தெரிகிறது.

எடை 241 கிலோ. 75 கிலோ நெல் மூட்டை மூன்றுக்கும் மேலே! எஞ்சின் 648 சி.சி., இரண்டு சிலிண்டர், 47 குதிரைத் திறன். எனக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியவில்லை என்றதும் தம்பி மனைவிதான் விளக்கினாள். "அண்ணி, மிக்ஸி வேகமாச் சுத்தும், ஆனா கெட்டி மாவு போட்டா திணறிடும். கிரைண்டர் மெதுவாத்தான் சுத்தும், எவ்வளவு போட்டாலும் இழுத்துடும். இது கிரைண்டர்." அவள் டிப்ளமோ மெக்கானிகல் படித்தவள். வண்டி வாங்குவதற்கு முன்னால் அதைப் பற்றி அதிகம் படித்தவளும் அவளே.

நான் வண்டியைச் சுற்றி வந்தேன். பின்சக்கரத்தின் இடது பக்கம் வெறுமையாக இருந்தது.

"ஸாரி கார்டு எங்கேடா?"

"கழட்டிட்டேன்க்கா. அது இருந்தா லுக்கே போயிடுது."

சகோதரிகளே, அந்த நிமிஷம் எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. பதினாறு வருஷத்துக்கு முன் வாலாஜாபாத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, சொந்தக்காரர் ஒருவர் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். அதில் அந்தக் கம்பி எப்போதோ உடைந்து போயிருந்தது, யாரும் கவனிக்கவில்லை. முந்தானை சக்கரத்தில் சிக்கியது மட்டும்தான் நினைவிருக்கிறது. இடது கணுக்கால் முறிந்து, மாவுக்கட்டோடு மூன்று மாதம். அப்போது என் சின்னவனுக்கு எட்டு மாதம். இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ள முடியாமல், அவன் அழ அழ நானும் சேர்ந்து அழுத நாட்கள் அவை. இன்றைக்கும் மழைக்காலம் வந்தால் அந்தக் கால் சொல்லிவிடும்.

பட்டு நெய்து உலகத்துக்கே அனுப்புகிற ஊர் எங்களுடையது. இங்கேயே புடவைக்கு இந்த மரியாதை!

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி இதற்காகவே இருக்கிறது. பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்கத் தாங்கி, துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைப்பு. இந்த மூன்றும் இல்லாமல் மோட்டார் சைக்கிள் தயாரிக்கக் கூடாது. கம்பெனிக்காரன் மாட்டித்தான் அனுப்புகிறான். வீட்டுக்கு வந்தபின் நாம்தான் கழற்றிப் பரணில் போடுகிறோம். உங்கள் வீட்டு வண்டியையும் இன்றைக்கே ஒருமுறை குனிந்து பாருங்கள்.

"அதை மாட்டினாத்தான் ஏறுவேன்" என்று சொல்லிவிட்டேன். தம்பி முகத்தைத் தூக்கிக்கொண்டான். சனிக்கிழமை ராத்திரி பார்த்தால், பரணிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள் அவன் மனைவி. அவன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான்!

இன்னொரு சண்டையும் பாக்கி இருந்தது. அவர்கள் குழந்தைக்கு மூன்று வயது. டேங்க் மேல் உட்கார வைத்துத் தெருவைச் சுற்றுவது தம்பியின் வழக்கம். 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தையென்றால், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை, தலைக்கு அளவான ஹெல்மெட், 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது என்பது 2023 பிப்ரவரியிலிருந்து சட்டம். தெருமுனை வரைதானே என்பார்கள். விழுவதற்குத் தெருமுனை போதாதா?

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். தம்பி மனைவியின் சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். ஒரு பக்கமாக உட்கார்ந்தால் பாரம் முழுக்க ஒருபுறமாக விழும், இருபுறமும் கால் போட்டு உட்காருவதுதான் நல்லது என்று அவள்தான் வற்புறுத்தினாள். மாமியார் ஏற இறங்கப் பார்த்தார். "துப்பட்டாவை இழுத்து முடி போட்டுக்கோ" என்றார். அவ்வளவுதான்!

சைலன்ஸர் இரண்டு பக்கமும் இருப்பதால், இறங்கும்போது எந்தப் பக்கமும் காலைக் கவனிக்க வேண்டும். எந்த வண்டியானாலும் சூடு பட்டுவிட்டால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பற்பசை, இங்க், மாவு எதுவும் தடவ வேண்டாம்.

காஞ்சிபுரம் தாண்டி, ஓரிக்கை வழியாகப் பாலாற்றுப் பாலம். ஆற்றில் மணல்தான் அதிகம், நடுவே கொஞ்சம் தண்ணீர் மினுக்கியது. அதுவரை தம்பியின் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்த நான், பாலத்தின் பாதியில்தான் கையை எடுத்துக் கைப்பிடிக்கு மாற்றினேன். வண்டி அலுங்கவில்லை. லாரி ஒன்று உரசுவது போலப் போனபோதுகூட, சின்ன வண்டிகள் ஆடுமே, அந்த ஆட்டம் இல்லை. பாரத்தின் பலன் அதுதான் போலிருக்கிறது. சத்தமும் கத்தலாக இல்லை. அடிவயிற்றில் 'டுப் டுப்' என்று ஒரு துடிப்பு. ஆம்பிளைகள் ஏன் இதற்கு இப்படி மயங்குகிறார்கள் என்பது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கும் புரிந்துவிட்டது.

வேகத்தடைகளில்தான் கஷ்டம். அடிப்பாகத்துக்கும் தரைக்கும் 135 மில்லிமீட்டர்தான், ஒரு சாண்கூட இல்லை. நம் கிராமத்து வேகத்தடைகளோ குட்டி மலைகள்! ஒவ்வொன்றிலும் ஊர்ந்து ஏறி இறங்கினான். முதுகுவலிக்காரர்கள் இதில் ஒரே மூச்சாகப் போகக் கூடாது. மாகறலில் இறங்கி, சுவாமி தரிசனம் செய்து, கால் நீட்டி உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தோம். இதே வண்டியில் பின்னால் சாய்மானத்தோடு 'டூரர்' என்று ஒரு வகை உண்டாம். "அதை வாங்கியிருக்கலாமேடா?" என்றேன். விலை கூடுதலாம்.

உத்திரமேரூரில் சுந்தர வரதரைச் சேவித்துவிட்டு வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு வந்தோம். குடவோலைத் தேர்தலைப் பற்றி முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இங்கேதான். முப்பத்தைந்து வயதுக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும் என்று தகுதிகள். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை, அவன் உறவுக்காரனுக்கும் இல்லை!

"தம்பி, நீ கணக்குக் காட்டு" என்றேன். அங்கேயே, மண்டப நிழலில் கேட்டுவிட்டேன். 2023-ல் வந்தபோது தொடக்க விலையே 3 லட்சத்து 49 ஆயிரம் ரூபாய். பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்ந்தால் நான்கு லட்சத்தைத் தாண்டும். அதற்குமேல் மாசத் தவணை. லிட்டருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது என்கிறான். குழந்தையை அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அவதான்க்கா வாங்கச் சொன்னா. அவ நகைச்சீட்டுப் பணம் பாதி" என்றான்.

எனக்கு அது தெரியாது.

வீடு திரும்பும்போது மணி பதினொன்று. கணுக்கால் லேசாகக் கடுத்தது, வெந்நீர் விட்டுக்கொண்டேன். வெளியே வந்தால், வாசலில் தம்பி மனைவி வண்டிமேல் உட்கார்ந்திருந்தாள். ஐந்தடி இரண்டங்குலம் இருப்பாளா? இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்திருந்தன. ஆசன உயரம் 740 மில்லிமீட்டர்தானே!

"தூக்கி நிறுத்திப் பாரு" என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு, சைடு ஸ்டாண்டிலிருந்து மெல்ல நிமிர்த்தினாள். 241 கிலோ. கை நடுங்கியது, வண்டி நின்றது.

"லைசென்ஸ் இருக்கில்ல?" என்று கேட்டேன்.

"ஸ்கூட்டி ஓட்ட எடுத்தது அண்ணி. இதுக்குக் கியர் வண்டி லைசென்ஸ் வேணும். திங்கக்கிழமை எழுதிப்போடப் போறேன்."

உள்ளேயிருந்து மாமியார் குரல் கேட்டது: "அவளுக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கச் சொல்லு!"