குதிரை ஏறாத விடுமுறை

நெடுந்தீவு என்றதும் மாணவர் கேட்கும் முதற்கேள்வி, "சேர், குதிரையில் ஏறலாமா?" என்பதே. ஏறலாகாது. போர்த்துக்கேயர் காலந்தொட்டு வழிவழி வந்தவை எனப்படும் அக்கட்டைக் குதிரைகளுக்குக் கடிவாளமும் இல்லை, எசமானனும் இல்லை. அவற்றின் மேய்ச்சல்வெளி 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. எட்ட நின்று பார்ப்பதே முறை.

பின் பகற்பொழுதை எங்ஙனம் போக்குவது? குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அக்கடற்காற்றே பாதி விடுமுறை. இறங்கியபின் நடத்தல் நன்று. (முச்சக்கர வண்டியும் உண்டு; நாம் அதற்குப் பரிந்துரை செய்யோம்.) சாந்தின்றி முருகைக்கற்களை அடுக்கியே எழுப்பிய வேலிகளைத் தொட்டுப் பார்க்கலாம். ஆபிரிக்க மண்ணுக்குரிய பெருக்கமரத்தின் அடிப்பொந்தினுள் புகுந்து நிற்கலாம். இடிந்த ஒல்லாந்தர் கோட்டையையும் ஒருமுறை சுற்றி வரலாம்.

எம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தவை கிணறுகளே. வடகீழ்ப் பருவமழையை நம்பிய தீவு அது. மழை பிந்தினால் நீர் வற்றும். குதிரைகள் தாகத்தால் மடிந்த ஆண்டுகளும் உண்டு. ஆவணியில் நாம் சென்றபோது வெளியோரத் தொட்டியொன்று காய்ந்து கிடந்தது. அயலவரிடம் கேட்டு, மாணவர் ஐவர் முறைவைத்து நீர் சுமந்து அதனை நிரப்பினர். நாம் வேலிக்கப்பால் விலகும்வரை ஒரு குதிரையும் அணுகவில்லை. விலகியதும் குட்டியே முதலில் வந்தது.