முக்காற்புள்ளி

அப்பாவின் லாரி புக்கிங் ஆபீஸ் அயோத்தியாப்பட்டணத்தில், ஆத்தூர் சாலையோரம், ஒற்றை அறை. ஒரு மேஜை, இரண்டு போன், சுவரில் இந்தியா படம், ஆணியில் தொங்கும் எல்.ஆர். என்கிற லாரி ரசீதுப் புத்தகங்கள். பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அதனால் தமிழ் ஐயா சொல்லிக்கொடுத்த இலக்கணத்துக்கு முன்னாலேயே லாரி இலக்கணம் என் காதில் ஏறிவிட்டது.

"ஜவ்வரிசிங்க, பதினாறு டன்னு, நாளைக்குக் காலையில, டு பே" என்பார் ஒருத்தர். "டு பேங்க, இந்தூருக்கு, பதினாறு டன் ஜவ்வரிசி, நாளைக்கே" என்று இன்னொருத்தர் தலைகீழாகச் சொல்வார். சேலத்துச் சேகோ ஆலைகளின் சரக்கு மகாராஷ்டிரத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் போய்க்கொண்டே இருக்கும். அங்கே விரத நாளென்றால் ஜவ்வரிசிக் கிச்சடி. நாம் பாயசத்தில் ஒரு கைப்பிடி போடுவதோடு சரி. அப்பாவுக்கு இரண்டு பேர் சொன்னதும் ஒன்றுதான். எந்த வரிசையில் சொன்னாலும் எல்.ஆரில் அததற்குரிய கட்டத்தில் போய் உட்கார்ந்துவிடும். முதல் ஆள் ஊரைச் சொல்லவில்லை என்பது மட்டும் அவரை உறுத்தும். "எங்கே இறக்கணுங்க?" என்று கேட்பார். அந்த ஆலைக்காரர் வருஷக்கணக்காக இந்தூருக்கு மட்டுமே அனுப்புகிறவராக இருந்தாலும் கேட்பார். "அதான் தெரியுமேப்பா" என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, "போன தடவை இந்தூர்னா இந்தத் தடவையும் இந்தூரா?" என்றார்.

டு பே என்றால் வாடகையைச் சரக்கு பெறுகிறவர் கொடுப்பார். பெய்டு என்றால் அனுப்புகிறவர் கொடுத்துவிட்டார். இந்த இரண்டு சொல்லும் தனியாக நிற்கும். "அட்வான்ஸ்" அப்படி நிற்காது, எவ்வளவு என்று அடுத்த சொல் வந்தே ஆகவேண்டும். எது தனியாக நிற்கும், எது துணையோடு வரும் என்று அப்பா யாரிடமும் படித்ததில்லை.

நான் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனேன். சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம், பெரும்பாலும் வீட்டிலிருந்தே. ஒரு லீவில், ஆபீஸில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டு, மாதக் கணக்கை அச்சடிக்க ஒரு ஷெல் நிரல் எழுதிக் கொடுத்தேன். கட்டளையின் பெயர், பிறகு மாதம், பிறகு பார்ட்டியின் பெயர். ஷெல்லில் இவற்றை டாலர் ஒன்று, டாலர் இரண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அது போதும் என்று பட்டது.

குமாஸ்தா அண்ணன் மாதத்தை அடித்தார், பார்ட்டியின் பெயரையும் அடித்தார். எங்கள் பக்கத்தில் ஆலையானாலும் பட்டறையானாலும் பெயர் "ஸ்ரீ"யில்தான் தொடங்கும், அப்புறம் ஒரு இடைவெளி, அப்புறம்தான் சாமி பெயர். ஷெல்லுக்கோ சொல் என்பது இரண்டு இடைவெளிக்கு நடுவில் இருப்பது. மேற்கோள்குறிக்குள் அடைத்துக் கொடுக்காவிட்டால் டாலர் இரண்டில் "ஸ்ரீ" மட்டும்தான் இருக்கும். நிரல் அந்த மாதக் கணக்கில் ஸ்ரீ என்று வந்த வரிகளையெல்லாம் தேடி எடுத்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் சாயங்காலம் வரை கிரீச்சிட்டுக்கொண்டே இருந்தது. அண்ணன் நிறுத்தவில்லை. "தம்பி எழுதினது, ஏதாச்சும் காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றார். நம் மேல் வைக்கும் நம்பிக்கையைப் போல நம்மைக் கூச வைப்பது வேறில்லை.

மேற்கோள்குறி போடக் கற்றுக்கொடுத்தேன். பிறகு வண்டி எண் கேட்டார்கள், வருஷம் கேட்டார்கள், வண்டி காத்து நின்றதற்கான ஹால்டிங் சேர்க்கவா வேண்டாமா என்றார்கள். இடங்கள் கூடிக்கொண்டே போய்ப் பத்தாவது இடத்தில் எத்தனை நகல் என்பது வந்தது. டாலர் பத்து என்று எழுதினேன். ஷெல் அதைப் பத்தாவது என்று படிக்காது. டாலர் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் ஒரு பூஜ்யத்தை ஒட்டும். பத்தாவது வேண்டுமென்றால் எண்ணை நெளிவு அடைப்புக்குள் போடவேண்டும். அந்த மாதம் மார்ச், அதாவது 3. முப்பது நகல் வந்தது.

அன்று ராத்திரிதான் 'கெட்ஆப்ட்ஸ்' பக்கம் போனேன். அதுவரை நான் அதைத் தவிர்த்து வந்தது சோம்பலால்தான், வேறு காரணம் சொன்னால் பொய்.

பெல் லேப்ஸில் யூனிக்ஸ் வளர்ந்த 1970களில் ஒவ்வொரு கட்டளையும் தனக்கு வந்ததைத் தானே தன் போக்கில் படித்துக்கொண்டது. அதன் எச்சம் இன்றும் உண்டு. 'டார்' முன்னால் கோடே இல்லாமல் எழுத்துகளை வாங்கிக்கொள்ளும். 'டிடி' சமக்குறி போட்டுச் சொன்னால்தான் கேட்கும். 'ஃபைண்ட்' ஒற்றைக் கோட்டுக்குப் பின்னால் முழுச்சொல்லை எதிர்பார்க்கும். வீட்டுக்கு வீடு பெரியவர்கள் இப்படித்தான், அவரவர் வழக்கம் தெரிந்துதான் பேசவேண்டும். இதை ஒழுங்குக்குக் கொண்டுவர எழுதப்பட்டதுதான் கெட்ஆப்ட். 1985இல் டல்லாஸில் நடந்த யூனிஃபோரம் மாநாட்டில் ஏடி அண்ட் டி அதன் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று பொதுவில் விட்டது. ஷெல் நிரல்களுக்கென்று அதே பெயரில் ஒரு கட்டளையும் இருந்தது. அதற்கு என் ஸ்ரீ வியாதியே இருந்தது: இடைவெளியுள்ள பெயரைச் சிதறடித்துவிடும். 1986இல் சிஸ்டம் ஃபைவ் மூன்றாம் வெளியீட்டின் போர்ன் ஷெல்லுக்குள்ளேயே புதிதாக ஒன்றைக் கட்டினார்கள், பன்மை விகுதி சேர்த்து, கெட்ஆப்ட்ஸ் என்று.

அதை வேலைக்கு அமர்த்தும் விதம் எளிது. எனக்கு என்னென்ன எழுத்துகள் கோட்டோடு ஆப்ஷனாக வரும் என்று ஒரு பட்டியல் கொடுக்கவேண்டும், இடைவெளி விடாமல். எந்த எழுத்து துணைச்சொல் கேட்குமோ அதன் பின்னால் ஒரு முக்காற்புள்ளி. அவ்வளவுதான். துணை வந்தால் அதை ஆப்ட்ஆர்க் என்ற இடத்தில் வைத்துக் கொடுக்கும். பட்டியலின் முதலிலேயே ஒரு முக்காற்புள்ளி வைத்துவிட்டால் தானாக எதுவும் கத்தாமல், துணை வராத இடத்தை நம்மிடம் சொல்லிவிட்டு, பேசுகிற பொறுப்பை நம்மிடமே விட்டுவிடும்.

அந்தப் பட்டியலைப் பார்த்ததும் ஒன்பதாம் வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது. வினைச்சொல்லைப் பார்த்து "எதை? யாரை?" என்று கேட்டுப் பார்க்கச் சொல்வார் தமிழ் ஐயா. "தூங்கினான்" என்பதை எதை என்று கேட்க முடியாது. செயப்படுபொருள் குன்றிய வினை. "ஏற்றினான்" என்றால் எதை என்று கேட்டே ஆகவேண்டும், குன்றா வினை. கெட்ஆப்ட்ஸின் முக்காற்புள்ளி குன்றா வினைக்குப் போட்ட அடையாளம். டு பே குன்றியது, அட்வான்ஸ் குன்றாதது. ஒரு புள்ளிக்கு மேல் இன்னொரு புள்ளியாக, அப்பா இத்தனை வருஷமாகக் காதில் வைத்திருந்தது அங்கே எழுத்தில் இருந்தது.

ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் அடையாளம் சொல்லின் வாலில் ஒட்டும். "லாரியில் மூட்டையை ஆள் ஏற்றினான்" என்பதை எப்படி மாற்றிப் போட்டாலும் மூட்டை மேல் லாரி ஏறாது, இல்லும் ஐயும் பிடித்துக்கொள்ளும். ஷெல்லில் அடையாளம் தலையில் நிற்கிறது; முதலில் கோடு, எழுத்து, அப்புறம்தான் பொருள். மற்றபடி வேலை ஒன்றே. மாதம் முன்னால் வந்தாலும் பார்ட்டி முன்னால் வந்தாலும் இனிக் கவலையில்லை என்று நிம்மதியாகப் படுத்தேன்.

மறுநாள் அண்ணன் அட்வான்ஸுக்கான எழுத்தை அடித்துவிட்டுத் தொகையை மறந்து, நேராகப் பெய்டுக்கான எழுத்தை அடித்தார். கெட்ஆப்ட்ஸ் குறை சொல்லவில்லை. கோட்டோடு வந்த அடுத்த ஆப்ஷனையே அட்வான்ஸ் தொகையாக விழுங்கிவிட்டது. துணை வேண்டும் என்று முக்காற்புள்ளிக்குத் தெரியும், என்ன துணை என்று தெரியாது. வரிசையின் கடைசியில் ஒன்றுமே இல்லாமல் போனால்தான் முறையிடும். "அட்வான்ஸ் எவ்வளவுங்க?" என்று கேட்டதற்கு எதிர்முனையில் "பெய்டு" என்று பதில் வந்தால் அப்பா அதைத் தொகைக் கட்டத்தில் எழுதுவாரா? வந்தது எண்தானா என்று சோதிக்க நானே நாலு வரி எழுதினேன்.

அண்ணனுக்கு ஆங்கில எழுத்துகள் பிடிபடவில்லை. மாதத்துக்கு எம், வண்டிக்கு வி என்றெல்லாம் ஞாபகம் வைப்பது அவருக்குப் பாரம். "மாதத்துக்கு ம-ன்னு வையேன் தம்பி" என்றார். நியாயம்தான். ஆனால் கெட்ஆப்ட்ஸ் ஒரு எழுத்து என்றால் ஒரு பைட் என்று எண்ணுகிறது. யூடிஎஃப் எட்டில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். ம என்பதைக் கோட்டுக்குப் பின்னால் வைத்தால், ஒரே கோட்டில் அடுக்கி வந்த மூன்று ஆப்ஷன்கள் என்று பிரித்துப் படிக்கும். மா என்றால் ஆறு. டல்லாஸ் மாநாட்டில் இதை யோசித்திருக்க முடியாதுதான், யூனிகோடே அப்போது பிறக்கவில்லை. இருந்தாலும் நம் எழுத்து ஒன்றைக் கூறு போட்டுத் தின்பதைப் பார்க்க ஒருமாதிரி இருந்தது.

இப்படிக் கூறு போடுவதற்கு இன்னொரு சாட்சியும் கிடைத்தது. முக்கியமான கோப்பு என்று காட்ட முன்னால் ஒரு கோடு இழுத்து, "-பழையது" என்று அண்ணன் பெயர் வைத்திருந்தார். பிறகு அழிக்கப் பார்த்திருக்கிறார். அழிக்கும் கட்டளையான 'ஆர்எம்' அதைக் கோப்பென்று மதிக்கவில்லை. தெரியாத ஆப்ஷன் என்று சொல்லி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டத்தைக் காட்டியது. அது ப-வின் மூன்றில் ஒரு பங்கு! இதற்கு வழி இரட்டைக் கோடு. தனியாக இரண்டு கோடு வந்தால் ஆப்ஷன் பேச்சு முடிந்தது, இதற்கு மேல் வருவதெல்லாம் வெறும் பெயர் என்று பொருள். கெட்ஆப்ட்ஸும் அங்கே நின்றுவிடும். அண்ணனுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. "கூட்டுத்தொகைக்கு அடியில ரெண்டு கோடு போடுவோமே, அதானே?" என்றார்.

கடைசியில் கெட்ஆப்ட்ஸை விட்டுவிட்டு, லினக்ஸோடு வரும் புதுமாதிரி கெட்ஆப்டுக்கு மாறினேன். யூட்டில்-லினக்ஸ் தொகுப்பில் இருப்பது. பழைய சிதறல் வியாதி குணமானது, இரட்டைக் கோட்டுக்குப் பின்னால் முழுச்சொல்லையும் ஏற்கும்; சொல்லைப் பைட் பைட்டாக ஒப்பிடுவதால் தமிழானாலும் அதற்குப் பரவாயில்லை. --மாதம், --பார்ட்டி, --வண்டி, --பாக்கி என்று வைத்தேன். டெர்மினலில் கொம்பும் காலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. அண்ணன் பொருட்படுத்தவில்லை.

அதில் ஒரு சலுகை உண்டு. முழுச்சொல்லையும் அடிக்க வேண்டாம், குழப்பம் வராத அளவுக்குத் தொடக்கம் இருந்தால் போதும். --வ என்றால் வண்டிதான். --பா என்றால் பார்ட்டியா பாக்கியா என்று தெரியாது, ஏற்க மறுத்துவிடும். அயோத்தியாப்பட்டணத்துக்காரனுக்கு இதில் பாடம் தேவையில்லை. அவசரத்தில் எல்.ஆரில் "அயோத்தியா" வரைக்கும் எழுதி நிறுத்தினால் வடக்கத்தி டிரைவர் உத்தரப் பிரதேசத்துக்கு வண்டியைத் திருப்புவார். இலங்கையிலிருந்து திரும்பிய ராமருக்கு, அயோத்தி போய்ச் சேர்வதற்குள் நேரம் ஆகிவிட, இங்கேயே பட்டாபிஷேகம் நடந்தது என்பது எங்கள் கோதண்டராமர் கோயில் கதை. "பாதி வழியிலேயே இறக்கின முதல் லோடு" என்பார் அப்பா. கோயிலுக்குப் போகிற ஆள்தான், அதனால் சொல்லலாம்.

ஒரு சிக்கல் மட்டும் இரண்டு நாள் தின்றது. --மொத்தம் என்று ஒரு ஆப்ஷன். நான் அடித்தால் வேலை செய்யும், அண்ணன் பழைய கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் தெரியாத ஆப்ஷன் என்று வரும். திரையில் இரண்டும் அச்சாக ஒன்று. மொ-வை எழுத யூனிகோடில் இரண்டு வழி: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி, அல்லது கொம்பு தனி, கால் தனி. பார்க்கும் கண்ணுக்கு வேறுபாடில்லை, பைட் எண்ணுகிறவனுக்கு வேறு வேறு சொல். --கூட்டு என்று பெயரை மாற்றித் தப்பித்தேன்.

போன மாதக் கடைசியில் ஆபீஸில் இருந்தேன். அப்பா இப்போது போனை எடுப்பதில்லை, இந்தியா படத்தின் கீழே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணன் --பாக்கி என்று மட்டும் அடித்து என்டரைத் தட்டினார். துணை வராவிட்டால் கேட்கவேண்டும் என்று நான் எழுதிவைத்த வரி திரையில் வந்தது: "யாருடைய பாக்கிங்க?"

அண்ணன் கீபோர்டைத் தொடவே இல்லை. திரையைப் பார்த்து வாய்விட்டே சொன்னார்: "எல்லாருதுந்தான்."

அப்பா பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். "சொல்லிட்டாருல்ல, எழுதிக்கச் சொல்லு."

அப்படி ஒரு ஆப்ஷன் நான் வைத்திருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.