குலசைப் பனங்காட்டில்

உயிர்ப்புப் பெருவிழா கழிந்த வாரத்தில் மணப்பாட்டுத் திருச்சிலுவை ஆலயத்துக்குப் புறப்பட்ட நாங்கள், வழியில் குலசேகரன்பட்டினத்தில் இறங்கிக்கொண்டோம். பழம்பெரும் துறைமுகம், முத்தாரம்மன் கோவில் தசராவுக்குப் பேர்பெற்ற ஊர், 2024 பிப்ரவரியில் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது முதல் செய்தித்தாள்களிலும் அடிபடும் ஊர். எங்களை ஈர்த்ததோ ஊர்ப்புறத்துப் பனங்காடு.

பதநீர்ப் பருவம் அது. பனையிலிருந்து இறங்கிய தொழிலாளி ஒருவர் கலயத்துப் பதநீரைப் பன்னாடையில் வடித்தார். இனிப்பை நாடி விழுந்து நனைந்திருந்த தேனீக்கள் அதில் தங்கின. அவற்றை உதறியெறியாமல் ஓலையில் பரப்பி வெயிலில் வைத்தார். சற்று நேரத்தில் சில, சிறகுலர்ந்து பறந்தன.

“எல்லாம் பிழைக்காது, ஐயா. பிழைக்கது பிழைக்கட்டும். இதுக ஆண்பனைப் பாளைக்கும் பெண்பனைப் பாளைக்கும் போனாத்தானே நுங்கு?” என்றார்.

உடன்குடி, சாத்தான்குளம் வட்டாரத்து முருங்கைத் தோட்டங்களிலும் இதே கதைதான். முருங்கைப் பூவுக்குப் பெரிதும் உதவுவது, உலர்ந்த மரத்தைக் குடைந்து கூடு கட்டும் பெரிய கருவண்டு. இதைக் கேட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் நகரப் பங்கின் வளாகத்தில் முருங்கை பூத்துக் கொட்டுகிறதே தவிர, காய்ப்பதில்லை. மண்ணைப் பழித்து உரமிட்டோம். ஆனால் பட்ட மரங்களை வெட்டித் தரையெங்கும் சிமெண்டுக் கல் பதித்தவர்களும் நாங்களே; கல்லறைச் சுவரில் கொசுத்தேன் கூட்டின் வாயைப் பூச்சுவேலையின்போது அடைத்தவர்களும் நாங்களே. கொட்டத் தெரியாத சிறு பூச்சி அது!

திருச்சபைக்குத் தேனீ அந்நியமன்று. பாஸ்காத் திருவிழிப்பின் புகழுரை, திரியைத் தாங்கும் மெழுகைத் தந்த தேனீயை நினைவுகூர்கிறது. தமிழகத்தில் இன்றும் வழங்கும் நியூட்டன் தேன்பெட்டி, 1910களில் திருச்சிராப்பள்ளியில் அருட்தந்தை நியூட்டன் வகுத்ததே. மார்த்தாண்டம் முதலிய இடங்களில் செழித்த இத்தொழிலை 1991-92இல் பரவிய புழுநோய் வெகுவாகச் சிதைத்தது. பெட்டித் தேனீயை மட்டும் நம்பியிருத்தல் போதாது என்பதை அப்போதே உணர்ந்திருக்கலாம்.

ஊர் திரும்பியதும் பங்குத்தந்தையிடம் சொன்னோம். நகைத்தார், பிறகு இசைந்தார். பூவரசின் பட்ட கிளை வெட்டப்படாமல் நிற்கிறது. கெபியருகே இரண்டு வரிசைக் கற்களைப் பெயர்த்துத் துளசியும் தும்பையும் நட்டிருக்கிறோம். பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்திவிட்டோம். சென்ற ஞாயிறன்று முருங்கையில் கருவண்டு ஒன்று வந்தமர்ந்ததைச் சிறுவர்கள் கண்டிருக்கிறார்கள். காய் இன்னும் பிடிக்கவில்லை.