இரத்தமும் உறவும்

மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காக ஒடுக்கப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருந்த 1968ஆம் ஆண்டு. எனக்கு அப்போது பத்து வயது. வயிற்றுப் புண் முற்றி இரத்தம் கக்கிய என் அப்புவை நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுசென்றனர்.

அப்புவின் இரத்தம் ஓ பிரிவு. ஓ அன்றி வேறெதையும் அது ஏற்காது. உடன் சென்ற உறவினர் இருவரின் இரத்தமும் பொருந்தவில்லை. எங்கள் வளவில் வேலி அடைக்கும் தொழிலாளியின் இரத்தமே பொருந்தியது. சாதித் தடையைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. எனினும், எங்கள் வீட்டில் அவருக்குத் தேநீர் வார்த்தது கோடிப்புறத்தில் ஒதுக்கி வைத்த ஒரு போத்தலில். அப்புவின் கட்டிலருகே தொங்கியதும் ஒரு போத்தல்தான்.

அப்பு பிழைத்து வந்தார். கோடிப்புறத்துப் போத்தல் இருந்த இடத்திலேயே இருந்தது. அதில் நானும் தேநீர் வார்த்திருக்கிறேன்.

பல ஆண்டுகளின் பின் என் தங்கையின் மகனுக்குச் சிறுநீரகங்கள் பழுதாயின. தங்கை தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தாள். பெற்ற தாயினுடையதாயிற்றே என்று நாங்கள் ஆறுதல் கொண்டோம். உடலோ அவ்வாறு எண்ணுவதில்லை. உறுப்பின் உயிரணுக்கள் எச்.எல்.ஏ எனும் திசு அடையாளங்களைத் தாங்கியுள்ளன. அவற்றில் பாதியே தாயிடமிருந்து மகனுக்கு வருகிறது. மறுபாதியை அவன் உடல் அந்நியமெனக் கண்டு தாக்கும். 1954இல் பாஸ்டனில் முதன்முதலாக வெற்றிகண்ட சிறுநீரக மாற்று, ஒரே கருவில் தோன்றிய இரட்டையரிடையே நிகழ்ந்தது இதனாலேயே. மருமகன் நாள் தவறாமல் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை உண்கிறான். கடல் கொந்தளித்துக் குறிகட்டுவான் படகு நின்றுவிடும் நாள்களில், தங்கை மாத்திரைகளை எண்ணிப் பார்த்தபடி இருக்கிறாள்.

இரத்தத்தின் கதை வேறு. செங்குருதி அணுவில் கரு இல்லை; அந்தத் திசு அடையாளங்களும் அதில் மிகச் சொற்பமே. லான்ட்ஸ்டைனர் 1901இல் வெளியிட்ட பிரிவுகளும், பின்னர் அறியப்பட்ட ஆர்எச் காரணி போன்றவையும் பொருந்தினால் போதும். ஏறக்குறைய 120 நாள் உழைத்துவிட்டு அது மறைந்துபோகும்.

பெற்ற தாயின் சிறுநீரகத்தையே எதிர்க்கும் உடல், அயலானின் இரத்தத்தை ஏற்றுக்கொள்கிறது. அப்படியாயின், 'எங்கள் இரத்தம்' என்று நாம் பேசிய பெருமைக்கு உடலில் எங்கே ஆதாரம்? உடலின் மறுப்புக்கேனும் ஒரு காரணம் உண்டு. நோய்க்கிருமியிடமிருந்து நம்மைக் காப்பதும் அதே ஆற்றல்தான். எங்கள் கோடிப்புறத்து மறுப்பு எவரைக் காத்தது?

முப்பது ஆண்டுகள் விஞ்ஞான ஆசிரியனாக இருந்தேன். இரத்தப் பிரிவுகளை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து விளக்கினேன். அந்தத் தொழிலாளியின் பிள்ளைகளும் என் வகுப்பில் இருந்து கேட்டார்கள். அந்தப் போத்தலைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் இன்று இல்லை. சொல்லாமல் விட்ட பாடத்தை இப்போது எழுதுகிறேன்.